கைப்பேசியிடம் அனுமதி கேட்கும் கணினி

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இன்று ஒருவர் தம் வீட்டுக் கணினியின் முன் சாவகாசமாக அமர்ந்து, வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்து, மகளின் கல்லூரிக் கட்டணத்தையோ கடை வாடகையையோ அனுப்ப முற்பட்டால், பெரிய திரையும் முழு விசைப்பலகையும் வேகமான யந்திரமும் அவர் வசம் இருந்தபோதிலும், கடைசிக் கட்டத்தில் காரியம் அப்படியே நின்றுவிடுகிறது. பக்கத்தில் கிடக்கும் கைப்பேசியை எடுத்து, அதிலுள்ள வங்கிச் செயலியைத் திறந்து, சம்மதம் என்று விரலால் ஒற்றினாலன்றிப் பணம் ஓரடியும் நகராது. 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த ஐந்து பாதுகாப்பு நடவடிக்கைகளின் விளைவு இது. நம்மவர்கள் ‘டிஏசி நம்பர்’ என்று சொல்லும் அனுமதி எண் குறுஞ்செய்தியாக வந்த காலத்தில், அதை மோசடிக்காரர்கள் தந்திரமாகக் கறந்துகொள்வது நாள்தோறும் நடந்தபடியால், வங்கிகள் அந்த முறையை விட்டொழித்து, வாடிக்கையாளர் தம் பெயரில் பதிந்துவைத்த ஒரே சாதனத்தின் மூலமாக அனுமதி பெறவேண்டுமென்று பணிக்கப்பட்டன. ஏற்பாடு நியாயமானதுதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு யந்திரங்களில் எதற்கு எந்த ஸ்தானம் என்பதை இந்த ஓர் ஏற்பாடு காட்டிக்கொடுப்பதுபோல் வேறெதுவும் காட்டவில்லை. கைப்பேசி இருந்தால் கணினி இல்லாமலே வங்கிக் காரியம் முடிந்துவிடும். கணினி மட்டும் இருந்து கைப்பேசி இல்லாவிட்டால் முடிவது கஷ்டம்.

வாட்ஸ்அப் இதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. 2015 ஜனவரியில் அது கணினித் திரைக்கு வந்தபோது, கைப்பேசியைக் கொண்டு ஒரு சதுரக் குறியீட்டைப் படம்பிடித்தால்தான் கணினியில் கதவு திறக்கும். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தால் கணினியும் வாயடைத்துப் போகும். கைப்பேசி உறங்கினாலும் கணினி தனித்து இயங்கலாம் என்ற சௌகரியம் வருவதற்கு 2021ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு யந்திரங்களையும் உள்ளிருந்து நடத்துவது இயங்குதளம் என்று இன்று தமிழில் வழங்கும் வஸ்து. அதைச் சாதாரண உபயோகஸ்தர் யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. யந்திரத்தின் நினைவகம், திரை, ஒலிபெருக்கி, இணையத் தொடர்பு ஆகியவற்றை எந்த மென்பொருள் எப்பொழுது எவ்வளவு உபயோகிக்கலாம் என்று தீர்மானித்து, ஒன்றின் காரியத்தில் மற்றொன்று தலையிடாதபடி பார்த்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருளே அது. மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்பவை. கைப்பேசியில் ஆண்ட்ராய்டும் ஐபோனின் ஐஓஎஸும். விசேஷம் என்னவென்றால், மேசைக்கும் கைக்கும் நடக்கும் போட்டியில் நிற்கும் இவர்களில் பலர் நெருங்கிய ரத்த சம்பந்தம் உடையவர்கள். ஆண்ட்ராய்டின் உட்கரு லினக்ஸ்; ஐஓஎஸும் மேக்கும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே இது யந்திர சாமர்த்தியத்தின் போட்டி என்று எண்ணுவது முழு உண்மையாகாது. எந்த மென்பொருளை எங்கிருந்து எடுத்து வைப்பது, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொந்தக்காரருக்குக் காட்டுவதா மறைப்பதா, ஒரு மென்பொருள் மற்றொன்றின் உள்ளே எட்டிப்பார்க்கலாமா என்பன போன்ற விஷயங்களில்தான் இரு குலங்களும் பிரிந்து நிற்கின்றன.

இணையப் போக்குவரத்தைக் கணக்கிடும் ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் அளவீட்டின்படி, 2016 அக்டோபரில் உலகில் முதன்முறையாகக் கைப்பேசியும் பலகைக் கணினியும் சேர்ந்து 51.3 சதவிகிதம் பெற்று, மேசைக்கணினியை 48.7 சதவிகிதத்துக்குத் தள்ளின. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஆண்ட்ராய்டு 37.93 சதவிகிதம், விண்டோஸ் 37.91 சதவிகிதம் என்று மயிரிழை வித்தியாசத்தில் முடி கைமாறியது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: பார்க்கப்பட்ட இணையப் பக்கங்களை எண்ணிச் சொன்ன கணக்கு இது. ஒரு கணக்குப்பிள்ளை காலையிலிருந்து மாலைவரை கணினியில் பேரேடு பார்ப்பது இந்தக் கணக்கில் ஏறாது. பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிஷத்தில் அவர் புரட்டித் தள்ளும் பக்கங்கள் ஏறிவிடும்.

பினாங்கில் இருந்துகொண்டு இந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஊர்ச் சரித்திரம் குறுக்கே வந்து நிற்பது சகஜம். 1969இல் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுக அந்தஸ்தை இழந்து, வாணிகம் சோர்ந்து, வாலிபர்கள் வேலையின்றித் திரிந்த காலத்தில், முதலமைச்சராக வந்த டாக்டர் லிம் சொங் இயூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை வருந்தி அழைத்தார். வயல்களாக இருந்த பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் பிறந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுப் பொருத்துத் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. ஏஎம்டி, ஹியூலட்-பாக்கார்டு, ஹிட்டாச்சி, போஷ் முதலிய எட்டு முன்னோடி நிறுவனங்களை ஊர் இன்றும் பெருமையுடன் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று நினைவுகூர்கிறது. 1975இல் இன்டெல் தொழிற்சாலை தீக்கிரையாகியும் திரும்ப எழுந்தது. உருப்பெருக்கியின் கீழ் குனிந்து, தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளோடு இணைத்தவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அவர்களை ஊரார் ‘மீனா காரான்’, அதாவது ‘மின்சார மீனா’, என்று மலாயில் கேலி செய்ததை இன்றைய தலைமுறை அறியாது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சொந்தக் காசில் உடுத்தியதைத் தவிர அப்பெண்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியில் இன்டெலின் 8088 சில்லும் மைக்ரோசாப்டின் டாஸ் இயங்குதளமும் ஒன்றுசேர்ந்தன. பிறகு விண்டோஸும் இன்டெலும் பிரிக்க முடியாத தம்பதிகளாகி, கால் நூற்றாண்டுக்கு மேல் உலகத்து மேசைகளை ஆண்டன. 1990களின் நடுவில் டெல் நிறுவனமும் பினாங்கில் கணினி செய்ய வந்து சேர்ந்தது. மேசைக்கணினியின் சாம்ராஜ்யத்தில், சொல்லப்போனால், நம் தீவு ஓர் ஆயுதசாலை.

அந்த ஆயுதசாலையின் எஜமானர்களே அடுத்த யுத்தத்தைக் கவனிக்கத் தவறினார்கள். ஐபோனுக்குச் சில்லு செய்து தரும்படி ஆப்பிள் கேட்டபோது, ஆப்பிள் கொடுக்க முன்வந்த விலை கட்டாது என்று கணக்குப் பார்த்து மறுத்ததை, இன்டெலின் தலைவராக இருந்த பால் ஒட்டெலினி 2013இல் ஓய்வுபெறும் தறுவாயில் மனம்விட்டுச் சொன்னார். எவ்வளவு விற்கும் என்பதை யாரும் ஊகிக்கவில்லை என்றும், தம் மனம் இசைந்தும் கணக்கு இசையவில்லை என்றும் அவர் பேச்சின் சாரம். கைப்பேசிகள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த ஆர்ம் வடிவமைப்பைத் தழுவிக்கொண்டன. மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதில் அதற்கு நிகர் அப்பொழுது இல்லை. 2014இல் அசூஸ் நிறுவனம் இன்டெல் ஆட்டம் சில்லு வைத்த ஸென்போன்களை மலிவு விலையில் நம் நாட்டுக் கடைகளில் இறக்கியது. நல்ல பொருள்தான், ஆனாலும் 2016 ஏப்ரலில் இன்டெல் கைப்பேசிச் சில்லுகளையே கைவிட்டுவிட்டது. மைக்ரோசாப்டின் கதி அதைவிடப் பரிதாபம். கைப்பேசியைப் பார்த்துப் பயந்து, 2012இல் விண்டோஸ் 8 என்று தொடக்கப் பொத்தானையே எடுத்துவிட்டு மேசைக்கணினி ஜனங்களைத் திகைக்க வைத்தது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 2014இல் வாங்கி, மறு ஆண்டே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. மேசையில் பழகிய முகத்தைக் கையிலும், கையில் பழகிய முகத்தை மேசையிலும் பலவந்தமாக ஒட்டினால் இரண்டு இடத்திலும் செல்லாது என்பதை அது அவ்வளவு பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அரசாங்கத்தின் மனம் மாறிய விதத்தையும் ஆவணங்களிலேயே காணலாம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘1மலேசியா’ என்ற பெயரில் மாணவர்களுக்குச் சிறு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அக்காலத்து எண்ணத்தில் இணையம் என்றால் கணினிதான். 2013ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலோ, மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத வருமானமுள்ள 21 முதல் 30 வயதுவரையிலான இளையவர்கள் கைப்பேசி வாங்க 200 ரிங்கிட் தள்ளுபடி கிடைத்தது. வருமான வரிச் சட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. முன்பு தனிநபர் கணினி வாங்கினால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 3,000 ரிங்கிட்வரை விலக்கு என்று கணினிக்கு மட்டும் ஒரு மரியாதை இருந்தது. 2017 மதிப்பீட்டு ஆண்டு முதல் புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம், விளையாட்டுப் பொருள் யாவற்றையும் ‘வாழ்க்கை முறை’ என்று ஒரே பையில் போட்டு 2,500 ரிங்கிட் என்று கட்டிவிட்டார்கள். வரி அதிகாரியின் கண்ணில் அன்று கணினியும் கைப்பேசியும் சமமாயின.

அவை சமமல்ல என்பது 2020இல் வெளிப்பட்டது. கொரோனா தொற்றை ஒட்டி மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதும், கல்வியமைச்சு ஏறக்குறைய ஒன்பது லட்சம் பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்ததில், 36.9 சதவிகித மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை. கைப்பேசி உடையவர்கள் சுமார் 46 சதவிகிதம். மடிக்கணினி 9 சதவிகிதம், மேசைக்கணினி 6 சதவிகிதம் மாத்திரமே. ஆசிரியரின் முகத்தைப் பார்க்கவும் குரலைக் கேட்கவும் கைப்பேசி தாராளமாகப் போதும். ஆனால் நாலு பக்கக் கட்டுரையை ஐந்து அங்குலத் திரையில் இரண்டு கட்டைவிரல்களால் எழுதி, திருத்தி, அட்டவணை போட்டு அனுப்பச் சொன்னபோது, பெறுவதற்கும் ஆக்குவதற்கும் உள்ள பேதம் பிள்ளைகளுக்கு விரல் வலியாகவே தெரிந்தது. அப்பா வேலைக்குக் கைப்பேசியை எடுத்துச் சென்றுவிட்டால், வகுப்பும் அவர் சட்டைப்பையோடு போய்விடும் குடும்பங்கள் பல. 1,50,000 மடிக்கணினிகளையும் பலகைக் கணினிகளையும் 500 பள்ளிகளின் மாணவர்களுக்குக் கொடுக்கும் ‘செர்டிக்’ திட்டம் அதற்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில், தொற்றுத் தடம் காண அரசாங்கம் கொண்டுவந்த மைசெஜாத்ரா செயலி எதிர்த்திசையில் இழுத்தது. கடைக்குள் நுழையவும் கோவிலுக்குள் பிரவேசிக்கவும் வாசலில் ஒட்டியிருந்த குறியீட்டைக் கைப்பேசியால் பிடிக்கவேண்டும். பழைய பொத்தான் கைப்பேசி வைத்திருந்த முதியவர்கள் பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு நின்றார்கள். 2022 மே மாதம் முதல் அந்தப் பதிவு தேவையில்லை என்றாயிற்று. அதற்குள், மகன் பேரனின் நிர்ப்பந்தத்தால், வாழ்நாளில் கணினியைத் தொட்டறியாத எத்தனையோ பாட்டிமார் கையில் ஆண்ட்ராய்டு வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்களைப் பொறுத்தமட்டில் போட்டியே நடக்கவில்லை. ஒரு தரப்பை அவர்கள் சந்தித்ததே இல்லை.

தமிழ் சம்பந்தமாக இரு குலங்களும் நடந்துகொண்ட விதம் தனியாகச் சொல்லத்தக்கது. மேசைக்கணினியில் தமிழ் என்பது நெடுநாள் நிபுணர்களின் வித்தையாக இருந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கி, பிறகு ‘முரசு அஞ்சல்’ என்று வளர்த்தார். இந்நாட்டுத் தமிழ் அச்சுலகத்துக்கு அது செய்த உபகாரம் பெரிது. ஆனாலும் ஓர் எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் கண்ராவியான குறிகள் தென்படும். தமிழ் 99 விசைமுறை சென்னை மாநாட்டில் வகுக்கப்பட்டும், ஆளுக்கொரு விசைமுறை, ஊருக்கொரு குறியேற்றம் என்ற குழப்பம் தீரவில்லை. விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் நுழைந்த பிறகே மேசையில் தமிழுக்கு நிலையான ஆசனம் கிடைத்தது.

கைப்பேசி அதே சிரமங்களைச் சில ஆண்டுகளில் கடந்துவிட்டது. 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ அறிமுகமாகி, தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது. ஆரம்பத்து ஆண்ட்ராய்டுகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததும், ஓபெரா மினி உலாவியில் ஏதோ ஓர் அமைப்பை மாற்றி எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0இல் தமிழ் ஒழுங்காகத் தெரியலாயிற்று. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. 2017இல் கூகிளிடம் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தரும் வசதியும் சேர்ந்தது. இவற்றையெல்லாம்விட வலிமையானது 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி என்பது என் அபிப்பிராயம். எழுத்துருவும் குறியேற்றமும் விசைமுறையும் பற்றி மாநாடுகளில் நடந்த விவாதங்கள் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து, பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை ஒரு பொத்தானை அழுத்திப் பேச, காரைக்குடியில் இருக்கும் அவர் தங்கை அதைக் கேட்டுவிடுகிறார். எழுத்தறியாதவரையும் இணைய உபயோகஸ்தராக்கியது அந்தப் பொத்தான்.

என்றாலும் கும்பாபிஷேக மலரோ, கல்யாணப் பத்திரிகையோ, தமிழ்ப்பள்ளித் தேர்வுத் தாளோ தயாராகும் இடம் இன்றும் கணினிதான். கைப்பேசியில் அவற்றைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. இரண்டாம் முறை செய்தவர்கள் குறைவு.

இனி இந்த விஷயத்தின் மர்மஸ்தானத்துக்கு வருவோம். விண்டோஸ் கணினி என்பது சொந்த வீடு போன்றது: யாரை உள்ளே விடுவது, எந்தச் சுவரில் ஆணி அடிப்பது என்பது வீட்டுக்காரர் இஷ்டம், திருடன் புகுந்தால் அதுவும் அவர் பாடு. கைப்பேசியோ காவலாளி நிற்கும் நல்ல விடுதி. சுத்தமும் பத்திரமும் உண்டு, விருந்தினர் யார் வரலாமென்பதை மட்டும் நிர்வாகம் தீர்மானிக்கும். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக்கடையைத் திறந்தபோது ஏற்பட்ட வழக்கம் இது. நிர்வாகத்தின் மனஸ்தாபம் விருந்தினரை எப்படிப் பாதிக்கும் என்பதை மலேசியர்கள் ஹுவாவே கைப்பேசியால் உணர்ந்தார்கள். 2019 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் அந்த நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், புதிய மாதிரிகளுக்குக் கூகிளின் கடையும் வரைபடமும் யூடியூபும் கிட்டாமற் போயின. கண்ணாடி அதே கண்ணாடி, கேமரா எல்லாரும் மெச்சும் கேமரா. பினாங்குச் சாலைக்காரருக்கும் வாஷிங்டன் தகராறுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. எனினும் அவர் வங்கிச் செயலியும் பணப்பைச் செயலியும் ஹுவாவேயின் சொந்தக் கடைக்கு ஒவ்வொன்றாக வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. மைசெஜாத்ராவே ஆப்பிள், கூகிள், ஹுவாவே ஆகிய மூன்று கடைகளிலும் வைக்கப்பட்டது. கணினியில் இத்தகைய சங்கடம் நேர்ந்திருந்தால், வேறொரு உலாவியை எங்கிருந்தாவது இறக்கிப் போட்டுக்கொண்டு காரியத்தைப் பார்த்திருப்போம்.

காவலாளி வேண்டாமென்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. வீடு சுத்தம் செய்ய மலிவுக் கட்டணத்தில் ஆள் அனுப்புவதாக முகநூலில் விளம்பரம் செய்து, முன்பதிவுக்கென்று ஏபிகே என்னும் செயலிக் கோப்பு ஒன்றை ஆண்ட்ராய்டில் இறக்கச் சொல்லி, அதன் வழியாகக் குறுஞ்செய்திகளையும் கடவுச்சொல்லையும் களவாடிச் சேமிப்பைத் துடைத்தெடுத்த மோசடிகள் நம் நாட்டில் நடந்தவை. கடைக்கு வெளியிலிருந்து செயலி இறக்கும் சுதந்திரமே அவற்றுக்கு வழிவிட்டது. இந்தக் காரணத்தைக் காட்டி, கூகிள் 2024இல் சிங்கப்பூரில் சிலவகை வெளிச் செயலிகளைத் தடுத்துப் பார்த்தது; அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்கள் ஆக்கிய செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டு ஏற்கும் என்ற விதியை 2026இல் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் நாடுகளில் ஆரம்பிக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ அதற்கு மாறாக, ஆப்பிளின் கடையைத் தவிர வேறு கடைகளுக்கும் ஐபோனில் இடம் தரவேண்டுமென்று 2024இல் சட்டத்தால் வற்புறுத்தியது. இரண்டில் எது சரி என்பது, நம் பயம் திருடனிடமா நிர்வாகத்திடமா என்பதைப் பொறுத்தது.

ஆயுள் விஷயத்தில் மட்டும் பழைய குலத்துக்குத் தக்க மரியாதை கொடுக்கவேண்டும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14வரை மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்பியது, பத்து ஆண்டுகள். 2015இல் வாங்கிய ஆண்ட்ராய்டு இன்று அநேகமாக மேசை இழுப்பறையில் கிடக்கும். கூகிளும் சாம்சுங்கும் உயர்ந்த விலை மாதிரிகளுக்கு ஏழாண்டு வாக்குறுதி கொடுக்கத் தொடங்கியதே 2023இலிருந்துதான். மலிவுக் கைப்பேசிக்காரருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. விண்டோஸ் 11 தனக்கென்று பாதுகாப்புச் சில்லு கேட்பதால், நன்றாக ஓடும் பழைய கணினிகள் பல படியேற முடியாமல் நிற்கின்றன. அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பார்க்கலாம். கட்டுரை எழுதும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும். இத்தகைய மறுவாழ்வு பெரும்பாலான கைப்பேசிகளுக்குக் கிடையாது.

பாயான் லெப்பாஸுக்கு இந்தப் போட்டியில் எந்தத் தரப்பு ஜெயித்தாலும் வேலை உண்டு. இன்டெல் 2021இல் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. ஆர்ம் நிறுவனத்தின் சில்லு வடிவமைப்புகளைப் பெறவும் பொறியாளர்களைப் பயிற்றவும் மத்திய அரசாங்கம் 2025 மார்ச்சில், பத்தாண்டுகளில் 25 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டில், ஆண்ட்ராய்டையும் தன் குரோம் ஓஎஸ்ஸையும் ஒரே தளமாக்கி மடிக்கணினிக்குக் கொண்டுவரப்போவதாகக் கூகிளும் சொல்லியிருக்கிறது. விசைப்பலகையும் பெரிய திரையும் பொருந்திய ஆண்ட்ராய்டு மடிக்கணினி ஜார்ஜ் டவுன் கொம்தார் கட்டடத்துப் பக்கத்துக் கடைகளில் விலைக்கு வரும் நாளில், திரை எத்தனை அங்குலம் என்று நான் விசாரிக்கப்போவதில்லை; செயலிக்கடையில் இல்லாத ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நானே கொண்டுவந்து ஏற்றினால் அது ஏற்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, அவர் எதிரிலேயே ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.